தனியாகப் பாய்மரப் படகில் ஒரு நாள்: கோவளம் கடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்திலிருந்து ஒரு சின்னப் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்புவேன். கரையை ஒட்டித் தெற்கே போய், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் கண்ணுக்குத் தெரிந்ததும் திரும்பிவிடுவேன். அலுவலகத் தோழிகள், சொந்தக்காரர்கள், கடற்கரையில் படகைப் பார்த்து நிற்கிறவர்கள், படகோட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் அம்மாக்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

இது எந்தக் கோவளம்? கேரளாவா?

இல்லை. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டியதும் வரும் மீனவர் ஊர். அங்கே கரை சற்றே கடலுக்குள் நீண்டு வளைவதால், பக்கத்து ஊர்களைவிட அலை கொஞ்சம் அடங்கியிருக்கும் இடம் ஒன்று கிடைக்கிறது. அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் வாங்கிய ஊரும் இதுதான்.

என்ன படகு அது? மோட்டார் இருக்கா?

மோட்டார் கிடையாது. ஒரே ஆள் ஓட்டும் ஐ.எல்.சி.ஏ. 6 வகைப் படகு. 2019 வரை லேசர் ரேடியல் என்று பெயர். நீளம் சுமார் 4.2 மீட்டர், பாயோ மரமோ இல்லாமல் வெறும் உடல் மட்டும் 59 கிலோ அளவில் இருக்கும். பாய் ஒன்றே ஒன்று, ஐந்தே முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் கூட. நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த வகைதான். அவர் சென்னைப் பெண். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே.

உண்மையில் இது பந்தயப் படகு. உட்கார இருக்கை இல்லை, பை வைக்க அறை இல்லை, முதல் அலையிலேயே உடம்பு நனைந்துவிடும். நாள் முழுக்கச் சுற்றி வருவதற்கென்றே வேறு வசதியான படகுகள் இருக்கின்றன. நான் கற்றுக்கொண்டது இதில், பழையதாகக் கிடைத்ததும் இது. அதனால் இதிலேயே போகிறேன்.

பாய் கட்டினா காத்து அடிக்கிற பக்கம்தானே போக முடியும்? திரும்பி எப்படி வருவீங்க?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பாயின் ஒரு முகத்தைத் தழுவிக்கொண்டு காற்று ஓடும்போது படகைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னாலும் இழுக்கிறது. படகின் நடுவே ஒரு பலகை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். டாகர்போர்டு என்போம். பக்கவாட்டில் நகர அது விடாது. மிச்சம் இருப்பது முன்னால் போகிற விசை மட்டும். ஈர விரல்களுக்கு நடுவே புளியங்கொட்டையை அழுத்தினால் வழுக்கி முன்னால் பாய்கிறதே, ஏறக்குறைய அப்படி.

நேர் எதிர்க்காற்றில் மட்டும் போக முடியாது. காற்று வரும் திசைக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 45 பாகை வரை ஓட்ட முடியாத பகுதி. அந்தத் திசையில்தான் போயாக வேண்டும் என்றால் வலமும் இடமுமாக வளைந்து வளைந்து ஏற வேண்டும். 10 கிலோமீட்டர் தூரம் அப்போது 14 கிலோமீட்டர் ஆகிவிடும். தனியாகப் போகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

நீச்சல் அவ்வளவா தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டா போதாதா?

போதாது. நாங்கள் போடுவது நீந்தத் தெரிந்தவருக்கு மிதக்க உதவும் 50 நியூட்டன் வகைச் சட்டை. மயங்கிக் கிடப்பவரின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பிவிடும் வேலையை அது செய்யாது. கடலில் உடையோடு 200 மீட்டராவது பதற்றமில்லாமல் நீந்த வரவேண்டும். நீச்சல் குளத்தில் நீந்துவதை நான் இதில் சேர்ப்பதில்லை. சட்டையில் ஒரு விசில் கட்டியிருக்க வேண்டும். சட்டையைக் கரையிலேயே மாட்டுங்கள், கழற்றுவதும் கரையில்தான்.

தனியா போறது பயமா இல்லையா? வீட்ல எப்படி விடறாங்க?

பயம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் படகில்தான் நான் தனி. கரையில் எனக்கென்று ஒருவர் கட்டாயம் இருப்பார். பெரும்பாலும் என் தங்கை. கிளம்புமுன் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன்: எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன், எதுவரை போகிறேன், எத்தனை மணிக்குள் கரையேறுவேன், படகின் நிறம், பாயில் உள்ள எண், கடலோரக் காவல் உதவி எண் 1093, கடலோரக் காவல்படையின் தேடல் மீட்பு எண் 1554. நான் சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆனால் அவள் என்னை அழைப்பாள். இன்னொரு அரை மணி ஆனால் என்னைக் கேட்காமலே அந்த எண்களுக்கு அழைத்துவிட வேண்டும். 'ஒருவேளை வந்துகொண்டிருப்பாளோ' என்ற யோசனைக்கு அதற்குமேல் இடம் கிடையாது. கரைச்சீட்டு என்று அந்தத் தாளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

உலகைத் தனியாகச் சுற்றுகிறவர்களும் இப்படித்தான். கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் மாட்டினார். பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு அசையக்கூட முடியாமல் கிடந்தார். சுற்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல்தான். ஆனாலும் அவர் இருக்கும் இடம் கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரிடம் போய்ச் சேர முடிந்தது. கரைச்சீட்டு எழுதாத நாளில் நான் படகைத் தண்ணீரில் தள்ளுவதில்லை.

யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?

நம் கரை கண்காணிப்புக்கு உட்பட்டது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அது இன்னும் இறுகியது. யாருக்கும் சொல்லாமல் ஒரு படகு கடலில் இறங்குவது சந்தேகத்தைக் கிளப்பும், கிளப்புவது நியாயமும்கூட. படகோட்டச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகி அவர்கள் வழியாகப் போவதே நல்லது. நான் அதோடு, போகும் நாளில் பக்கத்துக் கடலோரக் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுவேன். அடையாள அட்டை நகலை நீர் புகாத உறையில் போட்டு மேலோடு வைத்திருப்பேன்.

அப்புறம் ஊர்க்காரர்களிடம் சொல்வது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அந்தக் கரை அவர்கள் தொழில் செய்யும் இடம். காலையில் வலை உதறிக்கொண்டிருக்கும் அண்ணன்களிடம் 'இன்னிக்கு எப்படிண்ணே இருக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பாயையே பிரிப்பேன்.

எந்த மாசம் போகலாம்?

தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வடக்கு தெற்காக நீளும் இந்தக் கரையில் நின்றால் இந்தப் பெயர்களே பாதி பாடத்தைச் சொல்லிவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், கரையில் உடையும் பெரிய அலை. 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம், இரண்டுமே டிசம்பரில் வந்தவை. ஜனவரியில் வாடை மெல்ல அடங்கும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்தான் என் மாதங்கள். நிலம் சூடேறி, முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 1 மணிக்குள் கடற்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். முதலில் கொண்டலாக வந்து, நேரம் ஆக ஆகத் தென்கிழக்குக்குத் திரும்பும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் கோடைக்காற்று. அதைப் பற்றி அடுத்த பதில்.

கடல் தட்டு மாதிரி அமைதியா இருக்கே, இன்னிக்குத்தானே நல்ல நாள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால், இதைப் படியுங்கள். கரையோரக் கடல் தட்டையாகக் கிடப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் வீசுவது. சவுக்குத் தோப்பும் வீடுகளும் காற்றை மறைத்துவிடுவதால் கரையில் நிற்பவருக்கு அதன் வேகம் தெரியாது. அலை எழும்ப இடம் இல்லாததால் தண்ணீரும் பளபளவென்று இருக்கும். அரை கிலோமீட்டர் உள்ளே போனதும்தான் காற்று முழுதாகப் பிடிக்கும். அப்போது திரும்ப வேண்டிய திசை நேர் எதிர்க்காற்று. நாம் தடுமாறுகிற ஒவ்வொரு நிமிடமும் கரை தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

எனக்கு அது நடந்தது. கற்றுக்கொண்ட இரண்டாம் ஆண்டு, ஜூன் மாதக் காலை. தண்ணீரைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனேன். ஒரு கிலோமீட்டர் உள்ளே பாய்க்கயிற்றைத் தாங்கும் ஒரு கப்பி உடைந்தது. பாயை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. நாற்பது நிமிடத்தில் கரையிலிருந்த வீடுகள் வெறும் கோடாகிவிட்டன. விசில் ஊதினேன், கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. வலை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் போட்டில் இருந்தவர்கள் பாய் படபடப்பதைப் பார்த்து வந்தார்கள். 'ஏம்மா, கோடைக்காத்துல தனியா வந்தியா?' என்று கேட்டார் பெரியவர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். டீசலுக்குப் பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அன்று அவர்கள் அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அதிலிருந்து என் விதி: காற்று மேற்கிலிருந்து வீசினால் தனியாகப் போவதில்லை. துணைப்படகு இருந்தால் மட்டும். பிப்ரவரி, மார்ச்சில் விடியற்காலை மெல்லிய நிலக்காற்று இருக்கும்தான். அது தானே அடங்கி, கொண்டல் தலைகாட்டும் வரை கரையில் உட்கார்ந்திருப்பேன்.

அப்போ கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காத்து ஆபத்தே இல்லையா?

உயிருக்கு நல்லது, படகுக்குக் கெட்டது. ஏதாவது உடைந்தால் கொண்டல் நம்மைக் கரைக்குத் தள்ளும். அலை உடையும் இடத்தில் படகு அடிபடலாம், பாய்மரம் மணலில் குத்தி வளையலாம். ஆனால் நாம் நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு அந்த வியாபாரம் சம்மதம்.

ஒரு நாள் எப்படிப் போகும்? காலையிலிருந்து சொல்லுங்களேன்.

காலை 8 மணிக்குக் கோவளம். படகைக் கவிழ்த்துப் போட்டு அடியில் விரிசல் பார்ப்பேன். கப்பிகள், கயிறுகள், சுக்கானைப் பிடிக்கும் ஊசிகள், தண்ணீர் வடியும் துளையின் மூடி, எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு கண்ணால் மட்டும் பார்த்து விடுவதில்லை. பிறகு ஊர்க்காரர்களிடம் பேச்சு, தங்கையிடம் கரைச்சீட்டு, காத்திருப்பு.

11 மணி சுமாருக்கு ஒரு மாற்றம் வரும். கரையோரக் கொடிகள் தொங்கிப் போகும், வெக்கை அடிக்கும். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் கடல் கருநீலமாக ஒரு கோடு போடும். அந்தக் கோடு கரையை நோக்கி வருவது கண்ணுக்குத் தெரியும். அதுதான் கடற்காற்று. பத்து நிமிடத்தில் கொடிகள் மேற்கு நோக்கிப் பறக்கும். அப்போது இறங்குவேன்.

கிழக்குக் காற்று, தெற்கு நோக்கிய பயணம். காற்று இடப்பக்கத்திலிருந்து நேராக வருகிறது. இந்தப் படகுக்கு மிகச் சுகமான ஓட்டம் இதுதான். கடலில் வேகத்தை நாட் கணக்கில் சொல்வோம். 10, 12 நாட் காற்றில் படகு 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சுமாராகப் போகும். இடுப்பை விளிம்புக்கு வெளியே தள்ளி, காலைப் பட்டையில் மாட்டி, ஒரு கையில் சுக்கான் பிடி, இன்னொரு கையில் பாய்க்கயிறு. வலப்பக்கம் திருவிடந்தை, நெம்மேலிக் கடல்நீர்க் குடிநீராலை, பட்டிபுலம், சாலவான்குப்பம் என்று வரிசையாக நகரும். கடலிலிருந்து பார்த்தால் கரை முழுக்க ஒரே சவுக்குத் தோப்பாகத்தான் தெரியும். எது எந்த ஊர் என்று பிரித்தறிய எனக்கு இரண்டு பருவம் ஆயிற்று.

மாமல்லபுரத்தில் முதலில் கண்ணில் படுவது கோயில் இல்லை, குன்றின் மேல் நிற்கும் கலங்கரை விளக்கம். அதற்குப் பக்கத்திலேயே பழைய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. விளக்குக்கு நாளுக்கு ஓர் உழக்கு எண்ணெய் என்ற கணக்கில் 'உழக்கெண்ணெய் ஈசுவரர்' என்று பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். புதிய கோபுரம் எழும் முன் அந்தக் கோயிலின் உச்சியே கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. அப்புறம் இன்னும் கிட்டே போனால், கடற்கரைக் கோயிலின் இரண்டு விமானங்கள் மணலிலிருந்து முளைத்த மாதிரி தெரியும். ராஜசிம்ம பல்லவன் காலத்தில், அதாவது 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டியது. இதைத் தரையிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து பார்த்த முதல் நாள்தான் அது யார் பார்ப்பதற்காக அங்கே நிற்கிறது என்று புரிந்த மாதிரி இருந்தது.

அங்கே திரும்புவேன். அதற்குள் காற்று தென்கிழக்குக்கு வந்திருக்கும். ஆகவே வடக்கே வீடு திரும்பும் பாதை முழுக்கக் காற்று முதுகுப் பக்கம். போக வர 40 கிலோமீட்டருக்கு உள்ளேதான். 4 மணிக்குள் கரையேறிவிடலாம்.

மாமல்லபுரக் கரையில இறங்கி ஒரு டீ குடிச்சிட்டு வரலாமே? இன்னும் தெற்கே போனா என்ன?

இறங்கினால் மறுபடி அலை தாண்டி ஏற வேண்டும். களைத்த உடம்போடு ஒரு நாளில் இரண்டாம் தடவை அதைச் செய்யத் தனி ஆளுக்கு வேண்டாம். தவிர, கோயிலை ஒட்டிப் பாறைகள் இருக்கின்றன, குளிப்பவர் கூட்டமும் இருக்கும். தெற்கே கண்டிப்பாகப் போகக்கூடாது. மாமல்லபுரத்தைத் தாண்டியதும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பகுதி வந்துவிடும்.

கரையிலிருந்து எவ்வளவு தூரத்துல போவீங்க?

ஒரு கிலோமீட்டரிலிருந்து ஒன்றரை வரை. அதற்குள் போனால் அலை உடையத் தொடங்கும் இடமும் கரைவலைக் கயிறுகளும் குறுக்கே வரும். வெளியே போனால் நீந்தித் திரும்பும் தூரம் தாண்டிவிடும், தங்கையின் பைனாகுலருக்கும் பாய் தெரியாது.

அலையைத் தாண்டறதுதான் கஷ்டமாமே?

ஆமாம், அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். முதலில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பெரிய அலைகள் சில சேர்ந்து வரும், பிறகு ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, படகின் மூக்கு அலையை நேராகப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை நடந்து, ஏறியதும் பாயை இழுத்து வேகம் பிடிக்க வேண்டும். படகு குறுக்கே திரும்பினால் உருட்டிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள். எப்போதும் கடல் பக்கமாகவோ மூக்குப் பக்கமாகவோ நில்லுங்கள். அலை தூக்கி எறியும் 60 கிலோ படகு காலை முறித்துவிடும். திரும்பி வரும்போதும் இதே கணக்கு: டாகர்போர்டைப் பாதிக்கு மேல் தூக்கி, பாயைத் தளர்த்தி, இடுப்பளவில் கடல் பக்கமாகக் குதித்து, படகைத் தனக்கு முன்னே போகவிட வேண்டும்.

சாப்பாடு, தண்ணி எல்லாம் எங்கே வைப்பீங்க?

பாய்மரத்தின் அடியில் நீர் புகாத பை ஒன்றைக் கட்டிவிடுவேன். மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், புளிசாதம், இரண்டு வாழைப்பழம், கடலைமிட்டாய். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் எல்லாம் குளிரில் உடல் விறைப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நம் கடல் 27, 28 பாகை சூட்டில் இருக்கிறது. நம்மைச் சாய்ப்பது வெயில். காற்று முகத்தில் அடிப்பதால் தாகமே தெரியாது, தலை வலிக்க ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு. முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் தொப்பி, கயிறு கட்டிய கண்ணாடி.

கேட்கறதுக்குத் தப்பா நினைக்காதீங்க அக்கா, நடுக்கடல்ல பாத்ரூம்?

தப்பே இல்லை, பெண்கள் எல்லாரும் கேட்பது. பாயைத் தளர்த்திப் படகை நிறுத்தி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடுவேன். பாய்க்கயிற்றின் நுனி கையில் சுற்றியிருக்கும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள்தான் மயக்கம் போட்டு விழுகிறார்கள். அதனால் இதை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

சுறா இருக்குமா?

எத்தனையோ நாள் போயிருக்கிறேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சொறி மீன் (ஜெல்லி மீன்) பார்த்திருக்கிறேன், பட்டும் இருக்கிறேன். கணுக்கால் வரை உடையிருந்தால் பாதி தொல்லை குறையும். ஓங்கல் (டால்பின்) கூட்டம் சில நாள் கூடவே வரும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரை தேடி வரும் காலம். மூச்சு வாங்க மேலே வரும் தலையைக் கவனித்து விலகிப் போக வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். உயிரோடு ஒன்று தெரிந்தால் அன்று முழுக்க மனம் நிறைந்திருக்கும்.

வலையில மாட்டிக்கிட்டா?

மாட்டாமல் இருக்க வழி, கொடியையும் மிதவையையும் பார்த்துக்கொண்டே போவது. இரண்டு கொடிக்கு நடுவே வலை இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, சுற்றிப் போங்கள். தெரியாமல் ஏறிவிட்டால் பாயைத் தளர்த்தி, டாகர்போர்டை முழுக்கத் தூக்கி, சுக்கானையும் தூக்கிவிட்டால் படகு தானே வழுக்கி வெளியே வரும். கத்தியை எடுக்கவே கூடாது. ஒருவரின் ஒரு நாள் கூலி அதில் இருக்கிறது. சேதம் ஆகிவிட்டால் கரைக்கு வந்து நாமே போய்ச் சொல்ல வேண்டும்.

படகு கவிழ்ந்துட்டா?

கவிழும். சைக்கிள் கற்கும்போது விழுவதைப் போல இதுவும் ஓட்டத்தில் ஒரு பகுதி. முதல் காரியம், பாய்க்கயிற்றை விடாமல் இருப்பது. ஆள் இல்லாத படகைக் காற்று உருட்டிக்கொண்டு போகும் வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது. தனியாகப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. கயிற்றைப் பிடித்தபடி படகின் அடிப்பக்கம் சுற்றி வந்து, நீட்டிக்கொண்டிருக்கும் டாகர்போர்டின் மேல் ஏறி நின்று பின்னால் சாய வேண்டும். பாய் தண்ணீரிலிருந்து மெல்லக் கிளம்பி, ஒரு கட்டத்தில் சட்டென்று நிமிரும். மூக்கு காற்றைப் பார்த்திருந்தால் நிமிர்ந்த படகு ஓடாது.

மூன்று முறை முயன்றும் நிமிரவில்லை என்றால் நிறுத்துங்கள். கவிழ்ந்த படகின் மேல் ஏறி உட்கார்ந்து ஓய்வெடுத்து, விசில் ஊதி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். உலகம் முழுக்க உதவி கேட்கும் அடையாளம் அது. படகை விட்டுக் கரைக்கு நீந்தலாம் என்று தோன்றும், வேண்டாம். தண்ணீரில் ஒரு தலையைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட நான்கு மீட்டர் வெள்ளைப் படகைக் கண்டுபிடிப்பது எவ்வளவோ எளிது.

காத்து அப்படியே நின்னுட்டா?

துடுப்பு ஒன்று கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அதைவிட முக்கியம் நீரோட்டம். காற்று இல்லாதபோதும் கடல் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். பொதுவாகப் பிப்ரவரியிலிருந்து இந்தக் கரையில் ஓட்டம் வடக்கு நோக்கி இருக்கும், பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கி. சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வண்ணி என்றும் சொல்வார்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க ஒரு வலை மிதவை போதும். அது சாய்ந்திருக்கும் பக்கம் ஓட்டம் போகும் பக்கம். நான் தெற்கே முதலில் போய்விட்டு வடக்கே திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பாய் எப்படி ஓடும் என்று மேலே சொன்ன 14 கிலோமீட்டர் கணக்கோடு ஒரு நாட் எதிர் ஓட்டமும் சேர்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். கஷ்டமான பாதி முதலில் வரட்டும்.

முன்னறிவிப்பு எதைப் பார்க்கணும்? போன்ல ஆப் போதுமா?

ஆப் காற்றைச் சொல்லும். நான் கூடவே இந்திய வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை அறிவிப்பையும் பார்ப்பேன். இன்காய்ஸ் பக்கத்தில் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தால் அன்று பயணம் இல்லை. தெற்கே வெகு தொலைவில் அடித்த புயல் எழுப்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து மோதுவதற்குத்தான் அந்தப் பெயர். திருடன் மாதிரிச் சொல்லாமல் வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஊர் அண்ணன்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டு முறை முன்னறிவிப்பு நன்றாக இருந்தும் அவர்கள் தலையாட்டாததால் படகை மூடிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு முறையும் மதியத்துக்கு மேல் கடல் மாறியது.

போன் வேலை செய்யுமா? நனைஞ்சு போனா?

நான் போகும் தூரத்தில் சிக்னல் பெரும்பாலும் கிடைக்கிறது. நீர் புகாத உறையில் போட்டு உயிர்காப்புச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன், பையில் இல்லை. படகும் நானும் பிரிந்தால் போன் என்னோடு இருக்க வேண்டும். ஓட்டும்போது எடுத்துப் பேச முடியாது. அதனால் தங்கையோடு ஓர் ஏற்பாடு: மூன்று முறை மணி அடித்து நின்றால், இருக்கும் இடத்திலிருந்து உடனே திரும்ப வேண்டும் என்று அர்த்தம்.

எங்கே கத்துக்கலாம்? ரொம்ப செலவு ஆகுமா?

சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், அப்புறம் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன், இரண்டு இடத்திலும் விசாரியுங்கள். பிள்ளைகள் ஆப்டிமிஸ்ட் என்ற சின்னத் தொட்டி மாதிரிப் படகில் தொடங்குவார்கள். புதுப் படகு வாங்கப் பல லட்சம் ஆகும், தொடக்கத்தில் தேவையே இல்லை. சங்கத்துப் படகில் ஒன்றிரண்டு வருடம் ஓட்டுங்கள். பணம் இல்லாவிட்டால் வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணனை உருவாக்கியது ராணுவத்தின் படகோட்டப் பயிற்சி.

தனியா போக நான் தயாரான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

துணைப்படகு பக்கத்தில் இருக்கும் நாளில், 12 நாட் காற்றில், நீங்களே வேண்டுமென்று ஐந்து முறை கவிழ்த்து ஐந்து முறை யார் உதவியும் இல்லாமல் நிமிர்த்திப் பாருங்கள். ஐந்தாவது முறையும் கை நடுங்காமல் ஏற முடிந்தால் யோசிக்கலாம். இன்னொரு சோதனை, கிளம்ப எல்லாம் தயாராகி, நண்பர்கள் கேமராவோடு நிற்கும்போது, 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்லிப் பாயைச் சுருட்ட உங்களால் முடிகிறதா? இரண்டாவதுதான் கடினம். அதில் தேறாதவர்களை நான் தனியாக அனுப்பச் சம்மதிக்க மாட்டேன்.

உங்க தங்கை கரையில நாள் முழுக்க என்ன செய்வாங்க? சும்மா உட்கார்ந்திருக்கணுமா?

புத்தகம் படிப்பாள், மணிக்கு இரண்டு தடவை பைனாகுலரில் என் பாயைத் தேடி, கரைச்சீட்டின் பின்பக்கத்தில் நேரத்தையும் இடத்தையும் குறித்துவைப்பாள். அவளுக்குத் தெரிவதற்காகவே பாயின் உச்சியில் ஆரஞ்சு நிறப் பட்டை ஒட்டியிருக்கிறேன்.

ஓர் ஏப்ரல் கடைசி ஞாயிறு. திருவிடந்தைக்கு நேரே வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தேன். காற்று பிரமாதம், கடல் பக்கம் வானம் நீலம். போன் மூன்று முறை அடித்து நின்றது. காரணம் புரியாமலே கரையைத் திரும்பிப் பார்த்தேன். மேற்கே, நிலத்துக்கு மேல், கரிய மேகம் ஒன்று மலை மாதிரிக் கட்டியிருந்தது. அலையையும் பாயையும் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. கோவளம் வரை போகலாம் என்று பார்க்காமல் நேரே திருவிடந்தை மணலுக்கு விட்டேன். பாயைச் சுருட்டிக் கட்டி முடிக்கும் முன் மேற்கிலிருந்து புழுதியோடு காற்று வந்து மோதியது.